கயிறு யார் கையில்?



நம் ஊர்களில் நீச்சல் எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் இடுப்பில் ஒரு கயிறு, அல்லது முதுகில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை. கிணற்று மேட்டிலிருந்து ஒரே தள்ளு. பிள்ளை தண்ணீர் குடிக்கும், கை கால் உதறும், அழும். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கொஞ்சம் தளர்த்துவார், கொஞ்சம் இழுப்பார். நாலைந்து நாளில் கயிறு தேவைப்படாது. கரையில் உட்கார்ந்து பாடம் கேட்டு நீந்தியவர் யாரும் இல்லை. பாரிஸ் நகரில் ஒரு பள்ளி, கணினி நிரல் எழுதப் படிக்க வருகிறவர்களை ஏறக்குறைய இதே முறையில்தான் தேர்ந்தெடுக்கிறது. அந்த நுழைவுப் பயிற்சியின் பெயரே ‘பிஸீன்’. பிரெஞ்சு மொழியில் அதற்கு நீச்சல் குளம் என்று பொருள். அந்தக் குளத்துக்கு எப்படித் தயாராவது, இறங்கியபின் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதே இன்றைய பேச்சு. அதற்குள் போகுமுன் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். இந்தக் குளத்தில் குதிக்கிறவரின் இடுப்பில் கயிறு இருக்கிறதா? இருந்தால், அது யார் கையில் இருக்கிறது?

பள்ளியின் பெயர் ‘42’. எண்தான் பெயர். டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய அறிவியல் நகைச்சுவை நாவலில், எல்லாவற்றுக்குமான விடையாக ஒரு பெரிய கணினி சொல்லும் எண் அது. விடை கிடைத்துவிட்டது, ஆனால் கேள்வி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை என்பது அந்தக் கதை. 2013-ல் பிரான்சின் தொலைத்தொடர்புத் தொழிலதிபர் ஸாவியே நியேல் தன் சொந்தப் பணத்தில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். உடன் நின்றவர்களில் முக்கியமானவர், அதற்கு முன்பே ‘எப்பிடெக்’ என்ற கணினிப் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவரான நிக்கோலா சடிராக். பாரிஸின் 17-வது வட்டாரத்தில், புல்வார் பெஸியேர் சாலையில் கட்டடம். கட்டணம் கிடையாது. பட்டம் கேட்பதில்லை, மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. ஆசிரியர் கிடையாது, பாடவேளை கிடையாது. இன்று லிஸ்பன், டோக்கியோ, பெர்லின், சாவோ பாலோ என்று பல நாடுகளில் இதன் கிளைகள் உண்டு. தமிழர்கள் வாழும் ஊர்களுக்கும் வந்துவிட்டது. கோலாலம்பூரை ஒட்டிய சன்வேயில் ஒன்று, சிங்கப்பூரில் அங்குள்ள தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒன்று. ஆகவே இது எங்கோ நடக்கும் வேடிக்கை என்று நாம் கடந்துபோக முடியாது.

கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டாம் என்றால் யாரைச் சேர்ப்பது? அங்கேதான் குளம் வருகிறது. முதலில் இணையத்தில் நினைவாற்றலையும் தர்க்கத்தையும் சோதிக்கும் சிறு விளையாட்டுகள். அதில் தேறியவர்கள் 26 நாட்களுக்கு, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு, நேரில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றெல்லாம் கிடையாது. கட்டடம் இரவும் பகலும் திறந்திருக்கும். முதல் நாள் ஷெல் எனப்படும் கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகள், பிறகு சி மொழி, அடுக்கடுக்காகப் பயிற்சிகள். வெள்ளிக்கிழமை தேர்வு, வார இறுதியில் குழுவாகச் செய்யும் ‘ரஷ்’. எழுதிய நிரலை முதலில் சக போட்டியாளர்கள் நேரில் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள். பிறகு ‘மூலினெட்’ என்ற தானியங்கி நிரல் மதிப்பெண் போடும். பிரெஞ்சு சமையலறையில் காய்கறி மசிக்கும் கையரைப்பானுக்குப் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். அதற்குத் தயவு தாட்சண்யம் இல்லை. பத்துப் பயிற்சிகள் இருக்கிற தொகுப்பில் மூன்றாவது தவறானால் அங்கேயே நின்றுவிடும். நான்காவதும் ஐந்தாவதும் சரியாக இருந்தாலும் எண்ணிக்கையில் வராது. கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சுழியம். இதற்கு மேல் எழுத்து ஒழுங்குக்கென்று தனி விதிகள்: நிரலின் ஒரு தனிப் பகுதியான ஃபங்ஷன் 25 வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு கோப்பில் 5 ஃபங்ஷனுக்கு மேல் கூடாது, ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது. காப்பியடித்துப் பிடிபட்டால் மதிப்பெண் -42.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் தோன்றுவது என்ன? சி மொழியை முன்கூட்டியே கரைத்துக் குடித்துவிட்டுப் போனால் ஜெயித்துவிடலாம். இன்னும் ஆறு மாதம் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, எல்லாப் பயிற்சிகளுக்கும் விடையை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். நம்முடைய நுழைவுத் தேர்வுப் பழக்கம் நமக்குக் கற்றுக்கொடுத்திருப்பது அதைத்தான். அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்று நான் காட்ட வேண்டும். பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒரே ஒரு பயிற்சியை எடுத்துக்கொண்டு அருகில் போய்ப் பார்ப்போம்.

ஓர் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. சி மொழி படித்த யாரும் சிரிப்பார்கள். ‘பிரிண்ட்எஃப்’ என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் குளத்தில் பிரிண்ட்எஃப் தடை. கொடுத்த எழுத்துகளை அப்படியே வெளியே அனுப்பும் ‘ரைட்’ என்ற அடிப்படைக் கட்டளை மட்டுமே கையில் உண்டு. ஆக, 42 என்ற எண்ணை முதலில் 4 என்றும் பிறகு 2 என்றும் நீங்களே பிரித்து அனுப்ப வேண்டும். பத்தால் வகுத்தால் ஈவு 4, மீதி 2. ஆனால் மீதிதான் முதலில் கைக்கு வருகிறது, அதைக் கடைசியில் அச்சிட வேண்டும். அதற்கு ஒரு வழி, ஃபங்ஷன் தன்னைத்தானே அழைப்பது. இதைக் கண்டுபிடிக்கவே புதியவருக்கு ஒரு நாள் ஆகும். சரி, கண்டுபிடித்தாயிற்று. எதிர்ம எண் வந்தால்? கழித்தல் குறியை அச்சிட்டுவிட்டு எண்ணின் குறியை மாற்றிவிடலாம். -5 வந்தால் குறி, பிறகு 5. -4200 வந்தால் குறி, பிறகு 4200. எல்லாம் சரியாக வருகிறது. மனம் குளிர்ந்து நிரலைச் சமர்ப்பிக்கிறார். மூலினெட் சுழியம் போடுகிறது.

ஏன்? நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஓர் எண் காத்திருக்கிறது: -2147483648. 32 பிட்டில் ஒரு முழு எண்ணைச் சேமித்தால் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் மிகச் சிறிய எண் அது. மிகப் பெரிய எண் எது? 2147483647. கடைசி இலக்கத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் எட்டில் முடிகிறது, மறு பக்கம் ஏழில் முடிகிறது. அதாவது, -2147483648-ன் குறியை மாற்றினால் வரும் எண்ணுக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை. நிரல் அங்கே தடம் புரள்கிறது. வகைக்குள் அடங்கும் எல்லா எண்களையும் காட்ட வேண்டும் என்று பயிற்சித் தாளில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘எல்லா’ என்ற அந்தச் சொல்லை அவர் வாசித்தார், ஆனால் யோசிக்கவில்லை.

இப்போது இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் இந்த விடையை முன்பே மனப்பாடம் செய்து வந்தவர். அந்த எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. எழுதிவிட்டார். அவரை மதிப்பிட வந்த சக மாணவி கேட்கிறார், “இந்த வரி எதற்கு? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” அவருக்கு வாய் அடைத்துவிடுகிறது. இன்னொருவர் சுழியம் வாங்கியவர். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு, தாளில் பெட்டி வரைந்து, கடைசியில் பிடித்துவிட்டார். அடுத்த வாரம் எழுத்துகளை எண்ணாக மாற்றும் பயிற்சியில் அதே எல்லைச் சிக்கல் வேறு வேடத்தில் வரும்போது யார் நிற்பார், யார் விழுவார்? தெரிந்ததை ஒப்பிக்கச் சொல்லும் தேர்வு நமக்குப் பழக்கம். இங்கே கேட்கப்படுவது வேறு. தெரியாத இடத்தில் நீ என்ன செய்கிறாய்? உட்கார்ந்து அழுகிறாயா, எழுந்து போய் அடுத்தவரிடம் கேட்கிறாயா, கேட்டதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கிறாயா? பிஸீன் அளப்பது இதை. அதனால் இதற்கான தயாரிப்பும் இதற்கானதாகவே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. கல்வி ஆய்வாளர்கள் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் புதியவர்களுக்குப் பயன் தருவதில்லை என்பது அவர்கள் வாதம். மனிதனின் உடனடி நினைவாற்றல் மிகச் சிறியது. அடிப்படையே தெரியாதவனிடம் சிக்கலைக் கொடுத்து நீயே கண்டுபிடி என்றால், தேடுவதிலேயே அவன் மூளையின் சக்தி தீர்ந்துபோகும், கற்க ஒன்றும் மிஞ்சாது. செய்து காட்டப்பட்ட கணக்குகளைப் படித்துவிட்டு மெல்ல மெல்லத் தானே செய்யத் தொடங்குவதுதான் புதியவருக்கு ஏற்றது. இப்படிப் பார்த்தால் ஆசிரியர் இல்லாத இந்தக் குளம் கொடுமை அல்லவா? கயிறு கட்டாமல் பிள்ளையைத் தள்ளுவது அல்லவா?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அதை மழுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் ஆசிரியர் இல்லை என்பதும் வழிகாட்டல் இல்லை என்பதும் ஒன்றா? பயிற்சிகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் ஓர் எழுத்தை அச்சிடு. பிறகு அகரவரிசையை அச்சிடு. பிறகு அதைத் தலைகீழாக. பிறகு எண். பிறகு ஒரு சொல்லின் நீளத்தை அள. பிறகு ஒரு சொல்லை இன்னோர் இடத்தில் படியெடு. படிக்கட்டு வைத்த கிணறு இது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. முன்படி சரியில்லாமல் அடுத்த படிக்கு மதிப்பெண் கிடையாது என்று மூலினெட் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். அந்த வரிசையை யாரோ ஓர் ஆசிரியர் மனம் உட்கார்ந்து யோசித்துத்தான் அமைத்திருக்கிறது. மீதி வழிகாட்டல் எங்கிருந்து வருகிறது? பக்கத்து இருக்கையிலிருந்து. சந்தேகம் வந்தால் வலப்பக்கம் இருப்பவரைக் கேள், அவருக்குத் தெரியாவிட்டால் இடப்பக்கம் இருப்பவரைக் கேள் என்பது அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் வாசகம். என் கேள்விக்கு விடை இதுதான். கயிறு இருக்கிறது. அது கூடவே நீந்திக்கொண்டிருப்பவரின் கையில் இருக்கிறது.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதா என்று கேட்பீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்து பார்த்தவர். வகுப்பில் ஒரு கேள்வி போடுவார். மாணவர்கள் தனித்தனியே விடை சொன்னபின், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார். மறுபடி கேட்டால் சரியான விடை சொல்வோர் எண்ணிக்கை கூடியிருக்கும். காரணம் எளிது. நேற்றுதான் புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும். இருபது வருடம் பாடம் நடத்திய பேராசிரியருக்கு அந்த இடறல் மறந்துபோயிருக்கும். இதை ஹார்வர்ட் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான் அல்லவா? மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். வாத்தியார் மேற்பார்வை பார்ப்பார். 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியின் ஆசிரியர்கள் அந்த முறையைக் கையாள முன்வராதபோது, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னஞ்சிறுவர்களுக்கு வாத்தியாராக்கினார். அது வெற்றி பெற்றது. 1797-ல் லண்டனில் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே பிரிட்டன் முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்ற பெயரில் பள்ளி இருக்கிறது. பாரிஸ்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. சக மாணவன் கையில் கயிற்றைக் கொடுப்பது நமக்கு அந்நியமான யோசனை அன்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். கிர்ஷ்னர் முதலானோரின் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் ஒன்று உடனே தெளிவாகிறது. அடிப்படையே தெரியாமல் போகாதீர்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் முன்பே கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகுங்கள். கோப்பு உருவாக்குவது, இடம் மாற்றுவது, அனுமதி கொடுப்பது. ‘கிட்’ மூலம் நிரலைப் பதிந்து அனுப்புவது. முதல் தேர்வில் விடை தெரிந்தும் அதைச் சரியான இடத்துக்கு அனுப்பத் தெரியாமல் சுழியம் வாங்குவோர் உண்டு. அதைவிட வருத்தமான தோல்வி வேறில்லை. சி மொழியில் மாறி, நிபந்தனை, ‘வைல்’ சுழற்சி, ஃபங்ஷன் இவ்வளவு போதும். இந்தக் குளத்தில் ‘ஃபார்’ சுழற்சிக்கு அனுமதி இல்லை என்பதால் வைல் கையில் ஊறியிருக்கட்டும். செய்து காட்டிய நிரல்களை ஒவ்வொரு வரியாகப் படித்து, ஏன் இந்த வரி என்று கேளுங்கள். கற்றலை ஆராய்ந்த மிஷலின் ச்சீ 1989-ல் காட்டியது இதைத்தான். தீர்த்து வைத்த கணக்குகளைப் படிக்கும்போது தனக்குத் தானே விளக்கிக்கொண்டே படிக்கிறவர்கள்தான் நன்றாகக் கற்கிறார்கள்.

அடுத்தது, கையேட்டைப் படிக்கும் பழக்கம். ‘மேன்’ என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் விவரம் முழுவதும் வரும். வறண்ட ஆங்கிலம். முதல் பத்து முறை ஒன்றும் விளங்காது. பதினோராவது முறை விளங்கும். ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒன்று சொல்வேன். இது இலக்கிய ஆங்கிலம் இல்லை. கொஞ்சம் சொற்களே திரும்பத் திரும்ப வரும். அந்தச் சொற்களை ஒரு நோட்டில் தமிழில் பொருள் எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கடந்துவிடலாம்.

மூன்றாவதைத்தான் நம் பிள்ளைகள் மிகவும் பழக வேண்டும். வாய்விட்டு விளக்குவது. தெரியாது என்று கூசாமல் சொல்வது. நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்பவனை அதிகப்பிரசங்கி என்போம், தெரியாது என்பவனை மக்கு என்போம். இந்த இரண்டு பட்டங்களுக்கும் அஞ்சி அஞ்சிப் பன்னிரண்டு வருடம் வாய்மூடி உட்கார்ந்த பிள்ளை, குளத்தில் வந்து யாரிடம் கேட்கும்? அங்கே வாய்மூடி இருப்பவர்தான் முதலில் மூழ்குகிறார். ஆகவே இப்போதே தொடங்குங்கள். எழுதிய நிரலைத் தங்கைக்கு விளக்குங்கள், நண்பனுக்கு விளக்குங்கள், சமையலறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். அம்மாவுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. எந்த இடத்தில் உங்கள் வாய் தடுமாறுகிறதோ அந்த இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

இனி உள்ளே இறங்கியபின். வெள்ளிக்கிழமைத் தேர்வு நான்கு மணி நேரம், கடைசித் தேர்வு எட்டு மணி நேரம். இணையம் இல்லை, கைபேசி இல்லை, குறிப்பேடு இல்லை, பக்கத்து இருக்கையும் இல்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பார்க்கும் நேரம் அது. முதல் தேர்வில் சுழியம் வாங்குவோர் பலர். வாரம் முழுவதும் பயிற்சிகளில் நன்றாகச் செய்தவர்களும் வாங்குகிறார்கள். காரணத்தை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் செய்த சோதனையில் பார்க்கலாம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், ஒரு முறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரையில் இருக்கும் நிரலைப் பார்த்துத் தலையாட்டுவது வேறு, வெற்றுத் திரையில் முதல் எழுத்தைத் தட்டுவது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே நேற்று முடித்த பயிற்சியை இன்று காலை அழித்துவிட்டு, எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். தினமும் ஒன்று போதும்.

வார இறுதி ரஷ் இன்னொரு வகைச் சோதனை. முன்பின் தெரியாதவர்களோடு குழுவாகப் போடுவார்கள். ஒரு செவ்வகத்தை எழுத்துகளால் வரை என்பார்கள், நாலுக்கு நாலு கட்டத்தில் கோபுரங்களின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் புதிரைத் தீர் என்பார்கள். குழுவில் கெட்டிக்காரர் ஒருவர் இரவோடு இரவாக எல்லாவற்றையும் தானே எழுதிவிடலாம். ஆனால் மதிப்பீட்டில் குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்பார்கள். ஒருவர் விழித்தால் எல்லோருக்கும் நட்டம். கெட்டிக்காரர் தன் கெட்டிக்காரத்தனத்தைப் பங்கிடத் தெரிந்தவரா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். முன்பே கோடிங் தெரிந்தவர்தான் ஜெயிப்பார் என்கிறவர்களுக்கு இதுவே பதில். முன்னறிவு முதல் வாரம் உதவும். அடுத்த மூன்று வாரமும், அவர் அருகில் எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பது உதவும்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை. கட்டடம் இரவிலும் திறந்திருக்கிறது என்பதற்காக நீங்களும் விழித்திருக்க வேண்டியதில்லை. இரவு மூன்று மணிக்கு ஒரு பிழையைத் தேடி ஐந்து மணி வரை திணறுகிறவர், தூங்கி எழுந்து வந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். தூங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரல் எழுதித் தரும் காலத்தில் ஓர் எண்ணைத் திரையில் காட்ட இரண்டு நாள் மல்லாட வேண்டுமா? இதுவும் நியாயமான கேள்விதான். இயந்திரம் எழுதுகிறது, உண்மை. எழுதியது சரியா என்று யார் சொல்வது? -2147483648 என்ற மூலையை நினைத்துப் பார்த்து “இதற்கு என்ன ஆகும்?” என்று கேட்பவர் யார்? நிரல் எழுதுவது மலிவாக மலிவாக, எழுதியதை வாசித்துக் குறை கண்டுபிடிப்பவரின் தேவை கூடுகிறது. பிஸீனில் 26 நாளும் நடப்பதில் பாதி அந்த வேலைதான். அடுத்தவர் நிரலை வாசிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், முகத்துக்கு நேரே குறை சொல்ல வேண்டும். அதுவும் நாளை உன்னை மதிப்பிட வரப்போகிறவரின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். இயந்திரத்திடம் விடை வாங்கி ஒட்டுகிறவர் இந்தப் பயிற்சியைத்தான் இழக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு அது தெரிந்துவிடும்.

பிஸீனிடம் குறையே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. யாரை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்ற அளவுகோலை இந்தப் பள்ளி முழுமையாக வெளியிடுவதில்லை. தேறாதவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும், விரிவான காரணம் வராது. ஒரு மாதம் உயிரைக் கொடுத்து உழைத்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டியது கடமை. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். அளவுகோல் தெரியாத தேர்வில் தேறுவதை மட்டுமே இலக்காக வைத்துக்கொண்டு போகாதீர்கள். சேர்க்கை கிடைக்காவிட்டாலும் அந்த மாதத்தில் கற்ற சி மொழி உங்களுடையது. அங்கே கிடைத்த நண்பர்கள் உங்களுடையவர்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இலவசம் என்கிறீர்களே, உண்மையிலேயே இலவசமா? ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க யாரால் முடியும்? ஊர் விட்டு ஊர் வந்தால் வாடகை யார் கொடுப்பது? தொடக்க ஆண்டுகளில் பாரிஸ் கட்டடத்தில் தரையில் மெத்தை விரித்துத் தூங்கிய இளைஞர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அதை வீரம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தத் தரையில் ஒரு பெண் படுத்துத் தூங்க முடியுமா என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அந்த ஆண்டுகளில் பெண்கள் அங்கே மிகக் குறைவு. 2018-ல் பள்ளியின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சோஃபி வீஜே, பெண்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதை வெளிப்படையாகவே இலக்காக வைத்தார். வயது வரம்பும் தளர்ந்தது. நம்மூர் சோஹோ நிறுவனம் பட்டம் கேட்காமல் நடத்தும் பயிற்சிப் பள்ளியில், படிக்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கட்டண விலக்கைவிட அது பெரிது. இப்படிப்பட்ட குளங்களை நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைப் பின்பற்ற வேண்டும். பணம் இல்லாதவன் நீந்தத் தெரியாமல் மூழ்குவதில்லை, கரைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாமல் போகிறான்.

பணத்தை நிறுவனங்களும் அரசும் பார்க்கட்டும். வீட்டுக்குள் இருக்கும் கயிறு பெற்றோர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. மகன் ஒரு மாதம் கணினி முன்னால் உட்கார்ந்தால் ‘படிக்கிறான்’ என்று காபி போட்டுக் கொடுக்கிறோம். மகள் உட்கார்ந்தால், நடுவில் இரண்டு முறை கடைக்கு அனுப்புகிறோம், தம்பிக்குச் சாப்பாடு போடச் சொல்கிறோம், ஏழு மணிக்கு எங்கே இருக்கிறாய் என்று தொலைபேசியில் கேட்கிறோம். இந்தப் பயிற்சியில் மாலை ஏழு மணி என்பது, மற்றவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தில் எழுந்து போகிறவள் கயிற்றை விட்டுவிட்டுப் போகிறாள். உங்கள் மகள் இப்படி ஒரு குளத்தில் இறங்கப் போகிறேன் என்று வந்து சொன்னால், 26 நாட்களுக்கு அவளிடம் வீட்டு வேலை எதுவும் சொல்லாதீர்கள். இரவு எத்தனை மணிக்கு முடித்தாலும், வாசலில் வண்டியோடு போய் நில்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.